மறைத்து வைத்த கை



வார்டுகளில் நோயாளிகளின் கையைப் பிடித்து ஜெபிப்பது எங்கள் வழக்கம். ஆகவே முகங்களைவிடக் கைகளே எங்களுக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

எழுபது வயது கடந்த ஒரு அம்மா எங்களிடம் கையைக் கொடுக்கத் தயங்கினார். முந்தானையால் மறைத்திருந்த புறங்கையில் ஊதா நிறத்தில் இரண்டு திட்டுகள். எங்கும் இடித்துக்கொண்ட நினைவில்லையாம். "ஐயா, இது இரத்தப் புற்றுதானே? மகனிடம் சொல்லிவிடாதீர்கள்" என்றார். இதைவிட ஆபத்தான காரியம் ஒன்றையும் செய்திருந்தார். மாத்திரையால்தான் கன்றுகிறது என்று யாரோ சொல்ல, இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தபின் கொடுத்த ஆஸ்பிரினை மூன்று வாரமாக நிறுத்திவிட்டார்!

ஜெபித்தோம், அதோடு விடாமல் டாக்டரிடம் அழைத்துப்போனோம். இரத்தப் பரிசோதனையில் குறை ஒன்றுமில்லை. முதுமையில் தோல் மெலிந்துவிடுவதால் சிறு இரத்தக்குழாய்களுக்குத் தாங்கல் குறைகிறது, கதவில் லேசாக உரசினாலும் உடைந்து இரத்தம் பரவும் என்று டாக்டர் விளக்கினார். ஆஸ்பிரின், வார்ஃபரின், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் எளிதில் வரும். பெரும்பாலும் சில வாரங்களில் மங்கிவிடும். ஆனால் டாக்டரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். அது உயிருக்கே ஆபத்து.

எல்லாக் கைகளும் இப்படியல்ல. மில்லில் வேலைசெய்யும் ஒரு தம்பிக்குக் கையில் மட்டுமல்ல, வயிற்றிலும் தொடையிலும் கன்றல்கள். கால்களில் ஊசிமுனை போன்ற சிவப்புப் புள்ளிகள். பல் விளக்கினால் இரத்தம். கூலி போய்விடுமே என்று பத்து நாள் தள்ளிப்போட்டிருந்தார். ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டிய தட்டணுக்கள் பத்தாயிரத்துக்கும் கீழே போயிருந்தன. அன்றே படுக்கையில் சேர்த்தார்கள். செலவில் பெரும்பங்கு ஏழைகள் நிதியிலிருந்து, அதாவது உங்கள் காணிக்கையிலிருந்து, கொடுக்கப்பட்டது.

இப்படிப்பட்ட அடையாளங்களோடு காய்ச்சல், கருநிற மலம், காரணமில்லாத எடைக்குறைவு எது சேர்ந்தாலும் எண்ணெய் தடவிக்கொண்டு காத்திராதீர்கள். விழுந்தபின் கை வீங்கி விரலை அசைக்க முடியாவிட்டால் எலும்பு முறிந்திருக்கலாம்.

இன்னொன்று, மேடையில் சொல்லத் தயக்கந்தான். "தெரியாமல் இடித்துக்கொண்டேன்" என்கிற சில கைகளில் ஒருவருடைய விரல்கள் பதிந்த தடம் இருக்கும். அப்போது வீட்டாரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, நர்ஸ் தனியாக உட்கார்ந்து விசாரிப்பார். சபையிலும் அப்படிப்பட்ட கைகளை நாம் கண்டிருக்கிறோம், கேட்காமல் கடந்தும் போயிருக்கிறோம்.

அந்த அம்மா மறுபடியும் மாத்திரை சாப்பிடுகிறார். திட்டுகள் வந்துபோகின்றன. இப்போதெல்லாம் எங்களைக் கண்டவுடன் கையை அவரே நீட்டுகிறார்.