குறுஞ்செய்தி யாருக்குப் போக வேண்டும்?

முத்துலட்சுமி ரெட்டி பிறந்த புதுக்கோட்டையில், குழந்தை நலம் பற்றிய கருத்தரங்குக்குத் தலைமை தாங்குவது பெரும் பேறு. இத்துறையில் என்னைவிட ஆழங்கால்பட்டவர்கள் எதிரே அமர்ந்திருக்கையில் தயக்கமும் இருக்கிறது. குழந்தைப் பருவ உடல்பருமனும் குடும்பமும் என்பது நமக்குத் தரப்பட்ட பொருள். அதன் பரப்பை உங்கள் கட்டுரைகள் அளந்துவிடும். பருமனான குழந்தையின் சிகிச்சையில் மாற்றத்தைக் கொண்டுவருபவர் பெற்றோரே என்பதை இஸ்ரேலில் மோரியா கோலான் குழுவினர் 1998இல் காட்டிவிட்டனர். வளரும் பிள்ளைக்கு எடையைக் குறைக்காமலே, உயரம் கூடும்வரை எடை ஏறாமல் பார்த்துக்கொண்டால் பல நேரம் போதும் என்பதும் நீங்கள் அறிந்ததே. ஆகவே நேராக ஒரு கிளைப் பொருளுக்கு வருகிறேன். ஒருமுறை எடை பார்த்து அனுப்பியபின் மறுமுறை பார்க்கும்வரை அந்த வீட்டுக்குத் துணையாக நாம் அனுப்பும் குறுஞ்செய்தி பற்றியே பேச விரும்புகிறேன்.

குறுஞ்செய்தி பயன் தரும் என்பதற்குச் சான்றாக எல்லோரும் காட்டுவது சென்னையைச் சேர்ந்த அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வை. நீரிழிவின் விளிம்பில் இருந்த 537 ஆண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஈராண்டுகள் குறுஞ்செய்தி அனுப்பினர். அப்பிரிவில் 18 விழுக்காட்டினருக்கும், மற்றதில் 27 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது. மகத்தான ஆய்வு, நம் மண்ணின் ஆய்வு. ஆனால் இதைக் கொண்டு, ஆலோசகர் வேண்டாம், செய்தியே போதும் என்று நண்பர்கள் சிலர் எழுதிவருவதை என்னால் ஏற்க இயலவில்லை. அவர்கள் உழைப்பை மதித்தே சொல்கிறேன். அந்த ஆய்வில் இரு பிரிவினருக்கும் தொடக்கத்தில் நேரில் ஆலோசனை தரப்பட்டது. செய்திகளும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. மாற்றத்துக்கு அவரவர் எவ்வளவு தயாராக இருந்தார் என்று பார்த்து அமைத்தவை. உணவுக் கட்டுப்பாடு மேம்பட்டது, எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, செய்தியைப் படித்தவரும் அதன்படி நடக்க வேண்டியவரும் ஒருவரே. குழந்தையின் விஷயத்தில் படிப்பவர் ஒருவர், சமைப்பவர் ஒருவர், கடைக்குக் காசு கொடுப்பவர் இன்னொருவர், உண்பது பிள்ளை. அமெரிக்காவில் 2024இல் வெளியான கிரீன்லைட் பிளஸ் ஆய்விலும் செய்தி நேரடி ஆலோசனைக்கு மாற்றாக அல்ல, துணையாகவே சென்றது. கைக்குழந்தையுள்ள 900 குடும்பங்களில் எல்லோருக்கும் மருத்துவமனையில் நேரடி ஆலோசனை கிடைத்தது. ஒரு பிரிவுக்கு மட்டும், பெற்றோரே தேர்ந்த இலக்கை ஒட்டி, பதிலும் கேட்கும் செய்திகள் கூடுதலாகச் சென்றன. இரண்டு வயதில் அப்பிரிவில் பருமன் 7.4 விழுக்காடு, மற்றதில் 12.7. இது தடுப்பு ஆய்வுதான், சிகிச்சை அல்ல. ஆனாலும் நேரில் தொடங்கிய உறவைச் செய்தி நீட்டித்தது என்பதை மறுக்க முடியாது.

நம்மவர் கவனிக்காத சான்று ஒன்று இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. 1991இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது இங்கே எழுந்த அறிவொளி இயக்கத்தைச் சொல்கிறேன். எழுத்தறிவோடு சைக்கிளும் கற்ற பெண்களைப் பற்றி இதழாளர் பி. சாய்நாத் எழுதியது உலகறிந்தது. நலக்கல்வி பற்றிய நம் கட்டுரைகளில் அந்த இயக்கம் ஏன் வருவதே இல்லை? கல்குவாரியில் உழைத்து வந்த பெண் இரவில் எழுத்துக் கற்றது, சுவரில் எழுதிய வாசகத்தைப் பார்த்து மட்டும் அல்ல. அதே ஊர்த் தொண்டர் வந்து கூப்பிட்டதால், பக்கத்து வீட்டுக்காரியும் வந்ததால். வயது வந்தோர் பழக்கம் எப்படி மாறுகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய கள ஆய்வு நமக்கு வேண்டுமா? அன்று இருபது, இருபத்தைந்து வயதில் இருந்த அந்தப் பெண்கள் இன்று அறுபதை நெருங்கும் அப்பத்தாக்கள், அம்மாச்சிகள். வேலைக்குப் போகும் தாய்க்கும், சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் தகப்பனுக்கும் பதிலாகப் பல வீடுகளில் பிள்ளைக்குச் சோறூட்டுபவர்கள் அவர்கள்தாம். நம் பதிவேட்டிலோ ஒரு குடும்பத்துக்கு ஒரே கைபேசி எண்.

அந்த எண்ணுக்குப் போவதும் என்ன? தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 இடங்கள்தாம். ஆங்கில எழுத்தில் 160. உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனி இடம் பிடிப்பதால், கண்ணுக்கு ஆறெழுத்தாகத் தெரியும் ‘குளிர்பானம்’ பதினொரு இடத்தை அடைக்கிறது. நீண்டால் இரண்டு செய்திக் கணக்கு, இரண்டு செலவு. ஆகவே காரணத்தை வெட்டிவிட்டு ‘இனிப்பைத் தவிர்க்கவும்’ என்ற கட்டளையை மட்டும் அனுப்புகிறோம். யார் அனுப்பினார் என்று தெரியாத கட்டளைக்கு எந்த அப்பத்தாவும் பேரன் கையிலிருக்கும் முறுக்கைப் பிடுங்க மாட்டார், பிடுங்கவும் வேண்டாம். ஊர்ச் செவிலியரின் பெயரோடு, ‘இந்த வாரம் பள்ளி விட்டு வந்ததும் என்ன கொடுத்தீர்கள்?’ என்று கேட்டால் அது வேறு. படிக்கச் சிரமப்படுபவருக்கு அதையே குரலில் அனுப்பலாம். ஆனால் குரலும் தானாக மாற்றத்தைக் கொண்டுவராது. கர்ப்பிணிகளுக்கும் தாய்மாருக்கும் வாரந்தோறும் குரல்செய்தி அனுப்பும் ‘கில்காரி’ திட்டத்தை மத்தியப் பிரதேசத்தில் சோதித்தபோது, கருத்தடை முறைகளின் பயன்பாடு சற்றுக் கூடியது. குழந்தைக்கு ஊட்டும் பழக்கம் அவ்வாறு மாறவில்லை.

ஊட்டம் குன்றிய பிள்ளைகள் இத்தனை பேர் இருக்கையில் பருமனைப் பேசலாமா என்பார்கள். நியாயமான கேள்வி. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். அதிக எடையுள்ளோர் 4.3 விழுக்காடு. ஆனால் அதே கணக்கெடுப்பில் பெண்களில் 40 விழுக்காட்டினர் அதிக எடையுள்ளோர். இரண்டும் ஒரே தெருவில், சில நேரம் ஒரே வீட்டில் இருக்கின்றன. பிள்ளையை எடை பார்ப்பவரும் ஒரே அங்கன்வாடிப் பணியாளர், ஒரே செவிலியர். அவர்கள் பதிவேடுகளில் மூழ்கியிருக்கிறார்கள், பதில்களையும் யார் படிப்பது என்ற ஆட்சேபம் இன்னும் வலுவானது. எல்லாப் பதிலையும் படிக்கத் தேவையில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணால் பதில் கேட்டு, தொடர்ந்து பதில் வராத வீடுகளை மட்டும் செவிலியர் அழைத்துப் பேசினால் போதும். அதற்கும் ஆள் இல்லை என்றால், ஆளை நியமிக்கும்படி அரசிடம் கேட்பதுதான் நம் கடமை. ஆள் இல்லாததையே ஒரு கண்டுபிடிப்பாக்கிக் கட்டுரை எழுதுவது அல்ல.

இந்த இரு நாட்களில் கட்டுரை படிக்கவிருப்போரிடம் ஒரு வேண்டுகோள். எத்தனை செய்திகள் அனுப்பப்பட்டன என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அவற்றை வீட்டில் யார் படித்தார், பிள்ளைக்கு ஊட்டுபவர் யார், அவர் பதில் சொல்ல வழி இருந்ததா என்பதையும் அவையில் சொல்லுங்கள்.