ஈரக்கழிவு எவ்வளவு?



"நம் வட்டார விவசாயிகளின் பிரச்சினைகள்" என்று தலைப்புக் கொடுத்து கொச்சி மட்டாஞ்சேரியில் பேசச் சொன்னால் சிரிப்பு வரத்தான் செய்யும். இங்கே ஏர் பூட்ட இடமேது? காயலும் கிடங்கும் சந்தும்தான். ஆனால் இடுக்கி மலையில் நெடுங்கண்டத்திலோ கட்டப்பனையிலோ ஒரு மிளகு விவசாயி காலையில் பேப்பரைப் பிரித்தால் முதலில் தேடுவது கொச்சி விலையைத்தான். அந்த விலை பேசப்படும் தெரு இந்த மேடையிலிருந்து நடக்கிற தூரம். ஆகவே மிளகைப் பற்றியே பேசுகிறேன். நெல்லையும் தென்னையையும் எனக்குப் பின்னால் வருகிறவர் பார்த்துக்கொள்ளட்டும்.

மேடையில் மிளகு என்றதும் பழைய முசிறித் துறைமுகத்துக்குப் போவது நம் வழக்கம். நானும் ஒரு நிமிஷம் போய்வந்துவிடுகிறேன். யவனர் கப்பல்கள் பொன்னை இறக்கிவிட்டு மிளகை ஏற்றிச் சென்றதை அகநானூற்றில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியிருக்கிறார். அதைச் சொன்னதும் கைதட்டுகிறோம். அந்தப் பொன்னில் கொடி வளர்த்தவர் கைக்கு எவ்வளவு வந்தது என்று ஒரு மேடையிலும் கேட்டதில்லை. பிறகு போர்ச்சுகீசியர் வந்தார்கள். 1663இல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தார்கள். இரண்டு பேரும் செய்த காரியம் ஒன்றுதான். ராஜாவோடு ஒப்பந்தம் போட்டு, சந்தை விலைக்குக் கீழே ஒரு விலையைக் கட்டி, சரக்கை எங்களுக்கே கொடு என்றார்கள். மலைக்காரர் என்ன செய்தார் தெரியுமா? மிளகைப் பொதிமாட்டின் மேல் ஏற்றி, மலையைத் தாண்டி நம் தமிழ்நாட்டுப் பக்கம் அனுப்பினார். கோட்டைப் பீரங்கி கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. சரக்கு கிழக்கே நடந்துகொண்டிருந்தது.

1957இல் நம் யூதத் தெருவில் மிளகு வர்த்தகச் சங்கம் வந்தது. மிளகுக்கென்றே ஓர் எக்ஸ்சேஞ்ச். ஆட்கள் நேருக்கு நேர் நின்று விலை கூவிய முன்பேர வியாபாரம். 2004இல் அந்த முன்பேர வியாபாரம் மும்பையிலிருந்து நடக்கும் கம்ப்யூட்டர் சந்தைக்கும் போனது. கூடத்தின் சத்தம் அடங்கியது. ஆனாலும் இன்றைக்கும் 'கொச்சி ரேட்' என்றால் மலையில் அதுதான் சட்டம். விலை சொல்கிற ஊர் என்ற பெயர் நமக்கு இருக்கிறது. அந்தப் பெயருக்கு ஒரு பொறுப்பும் உண்டு என்பதற்குத்தான் வருகிறேன்.

முதலில் மலையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். மே கடைசியில் மழை விழுந்தால்தான் கொடி தளிர்த்துத் திரி விடும். அதே மழை ஜூலையில் விடாமல் கொட்டினால் துரித வாட்டம் வரும். பைட்டோஃப்தோரா என்ற கிருமி. இலையில் கறுப்புப் புள்ளி தெரியும், அதன் விளிம்பு நூல் நூலாகப் பரவும், இலை கொட்டும், தண்டு கணுக் கணுவாகக் கழன்று விழும். பத்துப் பதினைந்து நாளில், பல வருஷம் பிள்ளை மாதிரி வளர்த்த கொடி போய்விடும். மருந்து என்னவென்று எல்லாருக்கும் தெரியும். 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, போர்டோ கலவை. மழைக்கு முன்னால் அடித்தாக வேண்டும். அடிக்க ஆள் கிடைப்பதற்குள் மழை முந்திக்கொள்கிறது. மேல்தோட்டத்துக்காரர் அடிக்காமல் விட்டால், ஓடி வரும் தண்ணீரோடு அவர் நோயும் கீழ்த்தோட்டத்துக்கு வந்து சேரும். 2005 வாக்கில் வயநாட்டில் ஒரு குளவி கல்யாண முருங்கை மரங்களை முடிச்சு முடிச்சாக்கிக் கொன்றது. கொடி ஏறியிருந்த மரம் பட்டால் கொடி எங்கே நிற்கும்? 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் மண்ணே சரிந்தது. அதை இந்தச் சபைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் தாண்டி வந்தால் டிசம்பரிலிருந்து பறிப்பு. திரியில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் பறித்துவிட வேண்டும். பிந்தினால் பாதி தரைக்கு, மீதி பறவைக்கு. ஒற்றை மூங்கில் ஏணியைக் கொடி மேல் சாய்த்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏற வேண்டும். தேனி மாவட்டத்திலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக வருகிற நம் சகோதரிகள் பெரும்பாலும் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள். மிளகு ஏணி ஏறத் தெரிந்த கை குறைந்துகொண்டே வருகிறது. மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஒரு கிலோ. ஓர் ஆள் நாளெல்லாம் ஏறி இறங்கி 30 கிலோ பறித்தார் என்று வையுங்கள், கையில் நிற்பது 10 கிலோ. கிலோ 700 ரூபாய் விற்கும்போது அந்தக் கூலி தெரியாது. விலை பாதியானால் கூலி பாதியாகுமா? 2014, 2015இல் 700ஐத் தொட்ட மிளகு 2020 தொடக்கத்தில் 350க்கும் கீழே கிடந்தது. அதற்கு முன்னால், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், 200ஐத் தாண்டிப் போன மிளகு சில வருஷங்களில் 100க்குக் கீழே விழுந்தபோது வயநாட்டில் எத்தனை வீடுகளில் இழவு விழுந்தது! அதன் பிறகுதான் 2006இல் கேரளத்தில் விவசாயிகள் கடன் நிவாரண ஆணையத்துக்குச் சட்டமே வந்தது.

விலை ஏறும், இறங்கும், அது வியாபாரம். நான் இன்றைக்குக் கேட்க வந்தது வேறு. அந்த விலை, மலை விளைபொருள் வாங்கும் மலஞ்சரக்குக் கடை வாசலில் எப்படிக் கரைகிறது என்பதை நான் நின்று பார்த்திருக்கிறேன். விவசாயி சாக்கை இறக்கி வைக்கிறார். கடைக்காரர் மேல்மணியைப் பார்ப்பதில்லை. முழங்கை வரை கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுக்கிறார். உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கிறார். ஊதுகிறார், பொக்கு பறக்கிறது. ஒரு மணியைக் கடிக்கிறார். "கொஞ்சம் பச்சை இருக்கு." அவ்வளவுதான், நூறு கிலோவுக்கு ஐந்து கிலோ கழிவு. விவசாயி தலையைச் சொறிகிறார். அரிசியும் மளிகையும் அதே கடையில்தான் கடன்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 14 சதவீத ஈரம் உள்ள 100 கிலோ மிளகை 11 சதவீதத்துக்குக் காயவைத்தால் தொண்ணூற்றாறரைக் கிலோவுக்குச் சற்று மேல் நிற்கும். அதாவது நியாயமான கழிவு மூன்றரைக் கிலோவுக்கும் உள்ளே. ஐந்து கிலோ கழித்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எங்கே போனது? கடித்துப் பார்த்த பல்லுக்கா? சிரிக்காதீர்கள். கிலோ 600 என்றால் அது கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய். லிட்டர் வெயிட்டிலும் இதே கதை. லிட்டருக்கு 550 கிராம் நிற்கிற கனத்த மிளகுக்கு ஒரு விலை, அதற்குக் கீழே வேறு விலை. கீழே நின்றால் உடனே குறைப்பார்கள். மேலே நின்றால் கூட்டிக் கொடுத்தவரை நான் பார்க்கவில்லை; இந்தச் சபையில் யாராவது இருந்தால் எழுந்து நில்லுங்கள், பொன்னாடை போர்த்தச் சொல்கிறேன்.

இறக்குமதியைப் பற்றிப் பேசவில்லையே என்று முன்வரிசையில் ஒருவர் முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. பேசுகிறேன். மிளகுக்கு நம் நாட்டுச் சுங்கவரி 70 சதவீதம். ஆனால் இலங்கையோடு 1998இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 2,500 டன் வரியே இல்லாமல் வரலாம். தெற்காசிய வர்த்தக ஒப்பந்தத்தில் வரி 8 சதவீதம். வியட்நாம் மிளகு கொழும்பில் சட்டை மாற்றிக்கொண்டு வருகிறது என்பது விவசாயிகள் வருஷக்கணக்காகச் சொல்லும் புகார். 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை என்று அரசு கட்டியது. உள்ளூர் விலையே 600ஐத் தாண்டும்போது அந்த 500 எதைத் தடுக்கும்? இலங்கையில் மாத்தளைப் பக்கம் கொடி வளர்க்கிற சின்ன விவசாயி மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் நம் இடுக்கிக்காரர் போலத்தான். எண்ணெய்ப்பிசின் எடுக்கும் ஆலைகளுக்கு வெளிச்சரக்கு வேண்டும் என்பதும் நியாயம்தான். ஆனால் வந்த சரக்கு ஆலைக்குப் போகாமல் நம் மிளகோடு கலந்து, மலபார் மிளகு என்ற பெயரில் வெளியே போனால், அந்தக் கலப்பு டில்லியில் நடப்பதில்லை. ஏதோ ஒரு கிடங்கில்தான் நடக்கிறது. கிடங்கு இருக்கிற ஊர்க்காரர்கள் நாம்.

கிடங்கு என்றதும் இன்னொன்று. நன்றாகக் காய்ந்த மிளகு வருஷக்கணக்கில் கெடாது. வைத்து விற்கத் தெம்புள்ளவனுக்கு அது கையிருப்புப் பணம். சின்ன விவசாயியோ ஜனவரியில் எல்லாரும் விற்கும்போது தானும் விற்கிறார், ஏனென்றால் மார்ச்சில் பேங்க் கடன் புதுப்பிக்க வேண்டும். பதிவு பெற்ற கிடங்கில் சரக்கை வைத்து, அந்தக் கிடங்கு ரசீதைக் காட்டிக் கடன் வாங்க 2007இலேயே சட்டம் வந்துவிட்டது. நம் ஊரில் பழைய மிளகுக் கிடங்குகளில் இன்றைக்கு மரச்சாமான் விற்கிறார்கள், பினாலே கலைவிழா வந்தால் ஓவியம் மாட்டுகிறார்கள். நல்லது, கலையும் வேண்டும். இரண்டு கிடங்கையாவது மிளகுக்காரருக்கு விட்டுவைக்கக் கூடாதா?

உடனே 2012ஐ நினைவுபடுத்துவீர்கள். அந்த வருஷக் கடைசியில், கனிம எண்ணெய் தடவியிருக்கிறது என்று, முன்பேரச் சந்தைக்காகக் கொச்சி வட்டாரக் கிடங்குகளில் வைத்திருந்த ஆயிரக்கணக்கான டன் மிளகுக்கு உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். மினுமினுப்புக்கு எண்ணெய் தடவியது கொடி வளர்த்தவர் இல்லை. பெயர் கெட்டது எல்லாருக்கும். அதனால்தான் சொல்கிறேன், கிடங்கு திறப்பதற்கு முன்னால், சரக்கு வாங்கும் இடத்திலேயே தரம் எழுதிய ரசீது வரட்டும்.

வியாபாரி அண்ணன்மார்களே, மலஞ்சரக்குக் கடைகளுக்கு முன்பணம் கொடுத்துச் சரக்கு எடுப்பவர்கள் நீங்கள். நீங்கள் சொன்னால் அவர்கள் கேட்பார்கள். வாங்குகிற ஒவ்வொரு சாக்குக்கும் ஐந்து வரி எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்: அன்றைய கொச்சி விலை, மெஷினில் பார்த்த ஈரம், லிட்டர் வெயிட், தூசியும் காம்பும் எவ்வளவு, கழித்தது எவ்வளவு. தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும். பறிப்பு டிசம்பரில் தொடங்குகிறது; இன்னும் நாள் இருக்கிறது. முதல் நூறு ரசீதுப் புத்தகத்துக்கு அச்சுக்கூலி என் பொறுப்பு. ஈரம் பார்க்கும் மெஷின் வாங்கித் தருகிறவர் யார் என்பதை இந்தக் கூட்டம் கலைவதற்குள் தலைவர் அவர்கள் ஒலிபெருக்கியில் கேட்டுவிட வேண்டும்.