தராசைச் சோதிக்க வெளியாள் வேண்டும்

(சங்கத்தின் இளைஞர், மாதர் பிரிவுகளின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுக்கும் இடத்தில் நடப்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தண்ணிக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். தராசும் அவர்களுடையது, எழுதும் புத்தகமும் அவர்களுடையது. "இன்னைக்கு இருபது கிலோ நிச்சயம் இருக்கும், பதினாறுன்னு எழுதிட்டாங்க" என்று எங்கள் அம்மா லயத்துக்கு வந்து புலம்புவார். நிரூபிக்க வழியில்லை. வெளியிலிருந்து ஒருவர் வந்து தராசைச் சோதிக்க வேண்டும் என்று நாங்கள் கேட்பது இதற்காகத்தான்.

இன்று நான் பேச வந்தது உங்கள் கையிலுள்ள போனைப் பற்றி. அங்கேயும் இதே கதைதான்.

2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாக ஒரு காணொளி முகநூலில் பரவியது. அது வெறும் மாவுக் கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பிறகு சொன்னார். அதற்குள் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன. மார்ச் மாதம் திகன, தெல்தெனிய பக்கம் தீ எரிந்தது. 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம் வந்தது. மறுநாள் முகநூலையும் வாட்ஸ்அப்பையும் அரசாங்கம் முடக்கியது. கண்டி மாவட்டத் தோட்டங்களில் இருந்தவர்களுக்கு அந்த நாட்கள் நினைவிருக்கும்.

அந்தக் காணொளியை எத்தனை பேர் பார்த்தார்கள்? அவர்களாகத் தேடிப் பார்த்தார்களா, கம்பனியின் இயந்திரம் அதை அவர்கள் முன்னால் தள்ளிவிட்டதா? முறைப்பாடு செய்த பதிவுகளில் எத்தனை, எவ்வளவு நேரம் கழித்து நீக்கப்பட்டன? இவை எல்லாம் கம்பனியின் புத்தகத்தில் இருக்கின்றன. 2014ஆம் ஆண்டிலேயே கொழும்பில் உள்ள மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் முகநூலின் வெறுப்புப் பேச்சை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டிருந்தது. அவர்களும் வெளியே தெரிவதை வைத்துத்தான் எண்ண முடிந்தது. 2020இல் கம்பனியே ஒரு நிறுவனத்தை அமர்த்தி இலங்கை விடயத்தை ஆராயவைத்து, அதன் பின் மன்னிப்புக் கேட்டது. கேட்டது நல்லதுதான். ஆனால் துரை அழைத்து வந்த ஆள் தராசைப் பார்த்துவிட்டுப் போனால் நாம் அதோடு விட்டுவிடுவோமா?

ஆய்வாளர்களுக்கு இருந்த கொஞ்ச வழியும் இப்போது அடைபட்டு வருகிறது. டுவிட்டர் 2023இல் இலவசமாகத் தரவு எடுக்கும் வழியை மூடியது. எந்தப் பதிவு எங்கே வேகமாகப் பரவுகிறது என்று பார்க்க உதவிய க்ரவுட்டாங்கிள் என்ற கருவியை மெட்டா கம்பனி 2024 ஆகஸ்ட் 14ஆம் திகதி நிறுத்தியது. நமது ஜனாதிபதித் தேர்தல் செப்டெம்பர் 21ஆம் திகதி! அதற்குப் பதிலாக வந்த கருவிக்குப் பல்கலைக்கழகத்தாரும் இலாப நோக்கற்ற அமைப்பினரும் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். பத்திரிகைக்காரர்களில் பெரும்பாலானோருக்கு அதுவும் இல்லை.

நமக்கு இன்னும் நெருங்கிய விடயம் வேலை விளம்பரம். நல்ல சம்பளம், கணினி வேலை என்ற பேச்சை நம்பிப் போன இலங்கைப் பிள்ளைகள் மியன்மாரில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்ட செய்தி நீங்கள் கேட்டதுதான். முகநூலில் காசு கொடுத்துப் போடும் விளம்பரத்தை எந்த ஊருக்கு, எந்த வயதுக்காரருக்குக் காட்ட வேண்டும் என்று குறித்துப் போடலாம். விளம்பரங்களைப் பார்க்க மெட்டா ஒரு நூலகம் வைத்திருக்கிறது. ஆனால் அரசியல் அல்லாத விளம்பரம் ஓடி முடிந்ததும் நம் நாட்டுக்காரர் கண்ணுக்கு அங்கிருந்து மறைந்துவிடும். ஐரோப்பாவில் காட்டியது என்றால் ஒரு வருடம் இருக்கும். அதாவது, பிள்ளை ஏமாந்தது நமக்குத் தெரிய வரும்போது ஏமாற்றிய விளம்பரம் அங்கே இருக்காது. நுவரெலியா, பதுளைப் பிள்ளைகளைக் குறிவைத்தார்களா என்று ஆராய விரும்புபவருக்கு அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

போன கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார்: "தரவைத் திறந்துவிட்டால் எங்கள் தனிப்பட்ட பேச்செல்லாம் போய்விடாதா அண்ணே?" நியாயமான பயம். பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் செய்த செயலி வழியாகத்தான் 8 கோடியே 70 இலட்சம் பேர் வரையிலானவர்களின் விபரம் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா கைக்குப் போனது. அது 2018இல் பெரிதாக வெளியே வந்தது. ஆகவே யார் கேட்டாலும் கொடு என்று நாம் சொல்லவில்லை. பொதுவில் போட்ட பதிவு, அது எத்தனை பேருக்குப் போனது, ஏன் முன்னால் வந்தது, எது நீக்கப்பட்டது என்பவைதான் தேவை. கேட்பவர் யார், எதற்கு, யார் காசில் என்று விசாரித்துக் கொடுக்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் அப்படித்தான் சட்டம் செய்திருக்கிறது. அங்கே நாலரைக் கோடிக்கு மேல் பாவனையாளர் உள்ள தளங்கள், சோதித்து அனுமதித்த ஆய்வாளருக்குத் தரவு கொடுக்க வேண்டும். ஆனால் அந்த ஆய்வு ஐரோப்பாவுக்கு வரும் ஆபத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். நம் 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுவை அமைக்கிறது, பொய்யான கூற்றை வெளியிட்டவரைத் தண்டிக்கிறது. ஆய்வாளருக்குத் தரவைத் திறக்கும் கடமையைக் கம்பனிகளுக்கு அது விதிக்கவில்லை. லயத்தில் இருந்து கோபத்தில் இரண்டு வரி எழுதிய பையனைப் பிடிக்க வழி இருக்கிறது, அதை இலட்சம் பேருக்குக் கொண்டுபோன இயந்திரத்தைப் பார்க்க வழி இல்லை. அந்தச் சட்டத்தைத் திருத்தும் பேச்சு வரும்போது இதைக் கேளுங்கள் என்று நமது மக்கள் பிரதிநிதிகளிடம் சொல்வோம்.

அதுவரைக்கும் ஒரு வேலை. வேலை, கடன், சாதி, மதம் பற்றி சந்தேகமான விளம்பரமோ பதிவோ கண்டால் யாருக்கும் அனுப்பாதீர்கள். பக்கத்தின் பெயரும் திகதியும் தெரியும்படி திரையைப் படம் பிடித்து, தோட்டத் தலைவரிடமோ மாவட்டக் காரியாலயத்திலோ கொடுங்கள். வாங்கி வைக்க ஒரு கோப்பு திறந்திருக்கிறோம்.