வடிந்த தண்ணீரை மணலில் வடித்துப் பாவிப்போம்



ஜனவரி முதல் மார்ச் வரை பல தோட்டங்களில் பீலித் தண்ணீர் நூல் போலத்தான் விழும். அந்த நாளில் கோவா, தக்காளி நாற்றுமேடையில் வடிந்த தண்ணீரைக் கானில் மறித்து, திரும்பவும் மொண்டு ஊற்றுகிறோம். சிக்கனம் நல்லதுதான். ஆனால் அந்தத் தண்ணியோட நோயும் சேர்ந்து வருது.

இளநாற்று அடியில் அழுகிச் சாய்வதைப் பார்த்திருப்பீங்க. பித்தியம், பைட்டோப்தோரா போன்ற கிருமிகளின் வேலை அது. இவற்றின் நுண்ணிய வித்துகள் வாலை அசைத்துத் தண்ணீரில் நீந்தும். ஒரு மூலையில் நாலு நாற்று அழுகினால், அந்த வடிநீர் பட்ட மற்ற மேடைகளுக்கும் ஆபத்து. விதைக்குக் கொடுத்த காசும், வேலை முடிந்து வந்து பட்ட பாடும் வீண்.

"அப்போ தண்ணிக்கு எங்கே போறது?" என்று கேட்பீங்க. கொட்ட வேண்டாம், மணலில் வடிப்போம்.

200 லீற்றர் பீப்பா ஒன்று போதும். மருந்து இருந்த பீப்பா வேண்டவே வேண்டாம். அடியில் குழாய் பொருத்தி, அரை அடிக்குக் கழுவிய சல்லியும், அதன்மேல் ஒன்றரை அடிக்குக் கழுவிய மெல்லிய ஆற்று மணலும் போடுங்கள். குழாயின் வாயை மணல் மட்டத்துக்கு நாலு விரல் மேலே உயர்த்திக் கட்டினால் மணல் காயாது. வடிநீரைத் தெளியவிட்டு, பிறகு மெதுவாக ஊற்றுங்கள். ஒரு லீற்றர் வடிய இரண்டரை நிமிடமாவது எடுக்க வேண்டும்.

அவசரப்படக் கூடாது. மணல் வெறும் சல்லடை இல்லை. சில கிழமைகளில் அதன் மேலே வழுவழுப்பான படை பிடிக்கும். அதில் வாழும் நுண்ணுயிர்கள்தான் நோய்க்கிருமிகளைப் பெரும்பாலும் அழிக்கின்றன. அதனால் டிசம்பரிலேயே தொடங்க வேண்டும். மணல் காய்ந்தால் அவை செத்துப்போகும். அடைத்துக்கொண்டால் மேல்மணலை அரை அங்குலம் சுரண்டி, மேடைக்குத் தூரத்தில் புதையுங்கள். நுளம்பு முட்டையிடாதபடி பீப்பாவை மூடி வையுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். தக்காளிச் செடி பச்சையாக இருக்கும்போதே வாடினால், தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீர்க் கிளாசில் பிடியுங்கள். பால் போல நூல் இறங்கினால் அது பற்றீரியா வாடல். அந்த மண்ணில் வடிந்த தண்ணீரை மணலில் வடித்தும் பாவிக்க வேண்டாம். வடித்த தண்ணீர் செடிக்கு மட்டுமே. குடிக்க ஆகாது.

ஒரு குடும்பத்துக்குப் பீப்பாவும் மணலும் பாரம்தான். லயத்தில் நாலு குடும்பம் சேர்ந்தால் பாரம் தெரியாது. வறட்சி வருமுன் சேர்ந்து செய்வோம்.