கிணறும் மழையும்

(எமது சங்கத்தின் நூற்றாண்டு நன்றி ஆராதனையில் ஆற்றிய உரை)



வெளிப்படுத்தின விசேஷத்தின் இருபத்தோராம் அதிகாரம் திருகோணமலையில் பிறந்தவர்களைச் சற்றுத் தடுக்கி விழுத்தும். புதிய வானம், புதிய பூமி என்று மகிழ்ச்சியோடு வாசிக்கத் தொடங்குகிறோம். அந்த முதல் வசனம் முடிவதற்குள்ளேயே, கடல் இல்லாமற் போய்விட்டது என்கிறார் யோவான். கடல் இல்லாத உலகமா? டச்சுக் குடாவும் உள்துறைமுகமும் இல்லாமல் நமக்கு ஊர் ஏது? கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிற நம் தோழியர் ஊரை நினைத்தால் கடற்காற்றைத்தானே முதலில் நினைக்கிறார்கள்.

யோவான் அதைக் கண்டது பத்மு என்னும் சிறு தீவில். அவருக்கும் அவர் நேசித்த சபைகளுக்கும் நடுவே கடல் கிடந்தது. எபிரெய வேதத்திலும் கடல் பல இடங்களில் அச்சத்தின் அடையாளமாகவே வருகிறது. பிரிக்கிற கடலும் விழுங்குகிற கடலும் இனி இல்லை என்று அவர் சொன்னதாக நாம் விளங்கிக்கொள்ளலாம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இதை நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. போருக்குத் தப்பிக் கடல் கடந்து, பெற்றோரின் இறுதிச் சடங்குக்கும் வர முடியாமற் போனவர்களுக்கும் விளக்கத் தேவையில்லை.

கிறிஸ்தவ நம்பிக்கை என்றால், உடைந்த இந்த உலகத்தைக் கைவிட்டு மேலே ஒரு நல்ல இடத்துக்குப் போய்ச் சேர்வது என்றே பலர் எண்ணுகிறார்கள். யோவான் கண்ட காட்சியிலோ நகரம் மேலிருந்து கீழே இறங்கி வருகிறது. கடவுள் மனிதர் நடுவே குடியிருக்க வருகிறார். அவர்களுடைய கண்ணீரைத் துடைக்கிறார். இருக்கிற எல்லாவற்றையும் புதிதாக்குவதாகச் சொல்கிறார். பவுலும் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில், படைப்பு முழுவதும் படும் தவிப்பைப் பிள்ளைப்பேற்று வேதனைக்கு ஒப்பிடுகிறார். அந்த வேதனைக்கு முடிவில் ஒரு பிள்ளை உண்டு.

புதிதாக்குவது என்றால் என்ன என்பதை நமது கரையோரக் கிணறுகளே நமக்குக் கற்றுத் தந்தன. சுனாமி வடிந்தபோது அவற்றில் உப்புநீரும் சேறும் நிறைந்து கிடந்தன. நீரிறைக்கும் இயந்திரங்களோடு பலர் உதவிக்கு வந்தார்கள். சேற்றையும் குப்பையையும் அகற்றியது தேவையான வேலை. ஆனால் கிழக்குக் கரையின் கிணறுகளை ஆராய்ந்த நீரியலாளர்கள் ஓர் எச்சரிக்கையும் தந்தார்கள். மணலுக்குள் நன்னீர், உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய படையாகவே மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் அடியில் இருக்கும் உவர் மேலே ஏறிவிடும். உப்பைக் கழுவி நன்னீரைத் திரும்ப நிரப்ப வேண்டியது மாரிமழை. மழை பெய்யப் பெய்யத்தான் கிணறுகள் மெல்ல மெல்லத் தெளிந்தன.

கிணற்றை எவரும் தூர்த்துவிட்டுப் போகவில்லை. சேற்றை அள்ளியது மனிதர். நன்னீரைத் தந்தது வானம். அள்ளாமல் மழைக்குக் காத்திருந்தால் அது சோம்பல். மழையை நம்பாமல் இறைத்துக்கொண்டே இருந்தால் உவர்தான் மிஞ்சும். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, நம்மால் ஆகாததைக் கடவுளிடமிருந்து எதிர்பார்த்திருப்பதே நமது நம்பிக்கை.

இந்த நம்பிக்கைக்காக நாம் பழையதை மறக்க வேண்டியதில்லை. சுவாமி மலையில் இருந்த கோணேசர் ஆலயத்தைப் பதினேழாம் நூற்றாண்டில் இடித்தவர்கள் போர்த்துக்கேயர். சிலுவையை ஏந்தி வந்தவர்கள், ஆலயத்தின் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். மண்ணுள் மறைந்திருந்த திருவுருவங்கள் சில 1950இல், கிணறு தோண்டும்போது வெளிவந்தன. மீண்டும் எழுந்த ஆலயத்துக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது. நமது வகுப்பறைகளில் திருநீறு பூசிய தோழியரும் முக்காடிட்ட தோழியரும் நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தார்கள். அவர்கள் முன்னால் எல்லாம் புதிதாகும் என்று பேசுகிற நாம், உடைத்தவர்களுள் கிறிஸ்துவின் பெயரைத் தரித்தவர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

துன்பப்படுகிறவரின் வாயை அடைக்கவும் இந்த நம்பிக்கையைப் பயன்படுத்தக் கூடாது. 2006 ஜனவரி 2ஆம் திகதி நமது கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். அந்தக் குடும்பங்களிடம் போய், பரலோகத்தில் எல்லாம் சரியாகும், பொறுத்திருங்கள் என்று சொல்ல நமக்கு வாய் வரலாமா? எல்லாவற்றையும் புதிதாக்குகிறவர் நீதியுள்ளவர் என்று நாம் விசுவாசிப்பது உண்மையானால், நீதி கேட்கிறவர்களின் பக்கத்தில் நிற்பதுதான் நமக்கு அழகு.

உயிர்த்தெழுந்த ஆண்டவர் தம் சீஷருக்குக் கைகளைக் காட்டினார். ஆணிகளின் தழும்பு அங்கே இருந்தது. மரணத்தை வென்ற உடலிலும் நடந்தவை அழிக்கப்படவில்லை, ஆறியிருந்தன. பின்பு அவர் திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, இரவெல்லாம் வலை வீசிக் களைத்து வந்தவர்களுக்கு மீனும் அப்பமும் கொடுத்தார். புதிய உலகத்தின் முதல் நாட்களில் நடந்த விருந்து ஒன்று கடற்கரையில் நடந்தது என்பது நமக்கு எவ்வளவு ஆறுதல்!

கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் உயிர்த்தெழுதலைப் பற்றிய நீண்ட பதினைந்தாம் அதிகாரத்தைப் பவுல் எப்படி முடிக்கிறார் என்று பாருங்கள். ஆகவே உழையுங்கள், உங்கள் உழைப்பு வீண்போகாது என்ற பொருளில் முடிக்கிறார். சகோதரிகளே, நமக்கும் அதுவே வேலை. தகப்பனை இழந்த ஒரு பிள்ளையின் பாடசாலைச் செலவை ஏற்பதும், நிலாவெளிக் கரையில் பிளாஸ்டிக் பொறுக்குவதும், புறாமலையின் பவளப்பாறையை மிதிக்காமல் காப்பதும், பல்லாண்டாகப் பேசாதிருந்த தோழிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுப்பதும், சிறிய வேலைகள் என்று தோன்றலாம். கடவுள் புதிதாக்கப்போகும் உலகத்தில் அவற்றுள் ஒன்றும் வீணாகாது.

நமக்கு முன் சென்ற சகோதரிகளுக்காக இன்று நன்றி செலுத்துகிறோம். அவர்கள் தம் காலத்துச் சேற்றைத் தம்மால் இயன்ற மட்டும் அள்ளினார்கள். நமது பங்கு இன்னும் கிடக்கிறது. மழைக்கு உரியவர் தம் பங்கைச் செய்வார். அவர் இந்த ஊரையும், உலகெங்கும் பரந்து வாழும் நம் எல்லோரையும் ஆசீர்வதிப்பாராக.