இரண்டு ரூபாய்ப் பங்கு மலிவா?



நான் பத்தாம் வகுப்பு படித்தவள். வீட்டு வேலை, ஆடு மாடு, குழு வேலை, இதுதான் எனக்குத் தெரியும். இவள் எதற்குப் பங்குச் சந்தையைப் பற்றிப் பேச வந்தாள் என்று நினைப்பீர்கள். இன்னிக்கு நம்ம ஊர்ப் பிள்ளைங்க பல பேர் போன்ல டீமேட் கணக்கு வெச்சிருக்காங்க. திண்ணையில நாலு பேர் கூடினா அந்தப் பேச்சுதான். "விழுந்து கிடக்கு, இப்ப வாங்கிடு"ங்கிறான் ஒருத்தன். "ஒரு காலத்துல 800 ரூபாய் வித்த பங்கு, திரும்ப ஏறாமலா போயிடும்"ங்கிறான் இன்னொருத்தன். இதுக்குப் பணம் எங்கிருந்து வருது? சில வீடுகளில் நம்ம குழுவில் எடுத்த உள்கடன், சில வீடுகளில் நம்ம கழுத்து நகை. அதனால் இது நம்ம பேச்சும்தான்.

அந்த 800 ரூபாய்ப் பங்கின் கதையைச் சொல்றேன். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் என்று ஒரு கம்பெனி. செல்போன் சேவையும் நடத்துச்சு, கடலுக்கடியில் போகிற கேபிள் வழியா நாடு விட்டு நாடு டேட்டா கொண்டுபோகிற தொழிலும் செஞ்சுச்சு. 2008 ஜனவரியில் அதன் ஒரு பங்கு 800 ரூபாய்க்கு மேல் போச்சு. அப்புறம் போட்டி கூடிச்சு, கடன் ஏறிச்சு. 2016-இல் ஜியோ வந்ததும் டேட்டா விலை தரைக்கு வந்துடுச்சு. 2017 கடைசியில் அந்தக் கம்பெனி செல்போன் சேவையையே நிறுத்திடுச்சு.

அப்பவும் சிறு முதலீட்டாளர்கள் நம்பிக்கையை விடலை. அதே 2017 டிசம்பரில், டவரையும் கேபிளையும் ஜியோவுக்கு வித்துக் கடனை அடைக்கப் போறாங்கன்னு சேதி வந்துச்சு. சில நாளில் பங்கு விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிச்சு. "பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்று வாங்கியவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அந்த விற்பனை முழுசா நடக்கலை. 2019-இல் கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போச்சு. பங்கு இரண்டு ரூபாய் அளவுக்கு வந்துடுச்சு.

இங்கேதான் நாம கவனிக்கணும். திவாலான கம்பெனியின் சொத்தை வித்தால் பணம் வரிசைப்படிதான் போகும். வழக்கை நடத்தும் செலவு, பேங்க் கடன், தொழிலாளர் சம்பளம், அரசாங்க பாக்கி எல்லாம் முன்னாடி. பங்கு வெச்சிருக்கிறவர் வரிசையில் கடைசி ஆள். பந்தியில் கடைசியா உட்காருகிறவருக்குச் சட்டி காலியாத்தான் வரும். கம்பெனியின் கேபிளை வேறொருவர் வாங்கி நல்லா நடத்தலாம். அதனால் பழைய பங்குக்காரருக்குப் பைசா வரும்னு அர்த்தம் இல்லை.

அடுத்து, "சராசரி பண்ணு" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்க. 100 ரூபாயில் 100 பங்கு, 10,000 ரூபாய். விலை 20 ஆனதும் இன்னும் 400 பங்கு, 8,000 ரூபாய். "சராசரி 36 ரூபாய்தான்" என்று மனசு ஆறும். அது 2 ரூபாய்க்கு வந்தால் 500 பங்குக்கும் சேர்த்துக் கையில் இருப்பது 1,000. போட்ட 18,000-இல் 17,000 போச்சு. சராசரி குறைந்தது, நஷ்டம் கூடிப்போச்சு.

நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. குழுவில் ஒருத்தர் கடன் கேட்டால் என்ன கேட்கிறோம்? வருமானம் என்ன, ஏற்கெனவே எவ்வளவு கடன், போன கடனை ஒழுங்கா கட்டினீங்களா? "அவங்க தாத்தா காலத்துல பெரிய பண்ணைக்காரர்" என்பதற்காகக் கடன் கொடுப்போமா? கம்பெனியையும் அதே மாதிரிதான் பார்க்கணும். பழைய விலை என்பது தாத்தா சொத்து மாதிரி. இன்னிக்கு லாபம் வருதா, கடன் எவ்வளவு, வட்டி கட்ட முடியுதா, இதைத்தான் கேட்கணும்.

பங்கே வாங்கக் கூடாதுன்னு நான் சொல்லலை. நல்ல கம்பெனிகளும் இருக்கு. மிச்சப் பணத்தில் பொறுமையா வாங்குகிறவர் வாங்கட்டும். மூணு விஷயம் மட்டும் மனசில் வையுங்க. முதல் விஷயம், கடன் வாங்கிப் பங்கு வாங்க வேண்டாம். பங்கு ஏறினாலும் இறங்கினாலும் நம்ம தவணைத் தேதி மாறாது. இரண்டாவது, காசு வாங்கிக்கிட்டு இதை வாங்கு அதை வாங்குன்னு ஆலோசனை சொல்கிறவர் செபியில் பதிவு செய்திருக்கணும். பதிவு எண்ணைக் கேளுங்க, செபி இணையதளத்தில் சரிபார்க்கச் சொல்லுங்க. மூணாவது, டீமேட் கணக்கு உங்க பேரில் இருந்தால் ரகசிய எண்ணை நீங்களே வெச்சிருங்க. என்ன வாங்கினாங்க, என்ன வித்தாங்க என்று மாசம் ஒரு தடவை கேட்டுத் தெரிஞ்சுக்குங்க.

ஒரு வேண்டுகோள். உள்கடன் கொடுக்கும்போது எதற்காக என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிறோம். பங்கு வாங்குவதற்கு உள்கடன் இல்லை என்று ஒவ்வொரு குழுவும் ஒரு தீர்மானம் போடணும். வீட்டில் வற்புறுத்தும்போது, "என்னால முடியாதுங்க, குழுத் தீர்மானம்" என்று சொல்ல ஒரு தங்கச்சிக்கு அது துணையா இருக்கும்.

வாரா வாரம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இது. யாரோ சொன்ன சேதிக்காக அதைக் கரைக்க வேண்டாம்.