நத்தாருக்குக் கடன் வாங்காத பரிசு

(அப்புத்தளைப் பகுதித் தோட்டமொன்றில் 2024 டிசம்பர் தொடக்கத்தில் நடந்த மாதர் கிளைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சம்பளத்தைப் பற்றிப் பேசுவோம், வீட்டுக் காணியைப் பற்றிப் பேசுவோம் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்றைக்கு நத்தார் பரிசைப் பற்றிப் பேசப் போகிறோம். சிரிக்கிறீர்கள், பரவாயில்லை. ஆனால் ஜனவரி மாதம் சங்கத்துக்கு வந்து கண்ணைக் கசக்குகிற தாய்மார் பெரும்பாலும் எதைச் சொல்லி அழுகிறார்கள்? டிசம்பரில் வாங்கிய கடனைத்தான். அதனால் இதுவும் சங்கத்து விஷயம்தான்.

கணக்கைப் பார்ப்போம். இந்த வருஷம் செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று முடிவானது. அதற்கு எத்தனை வருஷம் கத்தினோம் என்பது உங்களுக்குத் தெரியும். டிசம்பர் 10ஆம் திகதி கையில் வருவது நவம்பர் மாதச் சம்பளம். மழையிலே பேர் குறைந்த மாதம். அதிலே சேமலாப நிதி போகிறது, தீபாவளி முற்பணம் கழிகிறது, தேயிலைத் தூள் கழிகிறது, சந்தா கழிகிறது. மிச்சத்தில் கடைக்காரருக்குக் கொடுத்தது போக என்ன நிற்கும்? அந்த நேரம் பார்த்துத்தான் பஸ் நிலையத்துப் பக்கம் ரேடியோ கார், பேசுகிற பொம்மை எல்லாம் தொங்க ஆரம்பிக்கிறது. பிள்ளை கையைப் பிடித்து இழுக்கிறது.

ஒரு தாய் 10,000 ரூபாவைப் பத்து வட்டிக்கு எடுக்கிறார் என்று வையுங்கள். மாதம் 1,000 ரூபா வட்டி. முதலைத் தொட முடியாமல் வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு போனால் அடுத்த தீபாவளி வருவதற்குள் பத்து மாதத்தில் 10,000 ரூபா போய்விடும். முதல் அப்படியே நிற்கும். வட்டிக்காக மட்டும் ஏழு நாள் முழுப் பேர் கொழுந்து எடுத்து, எட்டாவது நாளும் மலைக்கு ஏற வேண்டும். அந்தப் பொம்மைக் காருக்குத் தைப்பொங்கலுக்கு முன்பே சில்லுக் கழன்றிருக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். சங்கமே சிக்கனம் பேசுகிறது, அப்படியானால் இருக்கிற சம்பளம் போதும்தானே என்று யாராவது துரை சொன்னால், அவருக்குப் பதில் பேச்சுவார்த்தை மேசையில் இருக்கிறது. சம்பளக் கோரிக்கை வேறு, வட்டிக்காரனுக்குப் போகிற காசைத் தடுப்பது வேறு. இரண்டையும் நாங்கள்தான் செய்ய வேண்டும்.

தம்பேதன்ன மலை உச்சியில் லிப்டன் சீட் இருக்கிறதே, வெள்ளைக்காரன் உட்கார்ந்து பார்த்த இடம் என்று வாகனம் வாகனமாக ஆட்கள் வருகிறார்கள். அந்தத் தோமஸ் லிப்டன் 1890இல் இங்கே வந்து தோட்டம் வாங்குவதற்கு முன்னால் கிளாஸ்கோவில் மளிகைக் கடை வைத்திருந்தவர். 1881 நத்தாருக்கு ஒரு பிரமாண்டமான சீஸ் கட்டியை வரவழைத்து, அதற்குள்ளே தங்க நாணயங்களை ஒளித்து வைத்து விற்றார். நாணயம் கிடைக்கும் என்று சனம் முண்டியடித்து வாங்கியது. கொஞ்சப் பேருக்கு நாணயம் கிடைத்தது, மற்றவர்களுக்கு சீஸ் கிடைத்தது, லிப்டனுக்குப் பேர் கிடைத்தது. நத்தார் பரிசை வியாபாரமாக்குவது இன்றைக்கு நேற்று வந்த பழக்கம் இல்லை. பட்டணத்துக் கடைக்காரர் செய்வது அதன் சின்னப் பதிப்பு, அவ்வளவுதான்.

நம்முடைய லயத்தில் பரிசு எப்படி இருந்தது? வேதக்கார வீட்டில் நத்தாருக்குச் சுட்ட பலகாரம் கடைசிக் காம்பரா வரைக்கும் தட்டில் போகும். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் அதே தட்டில் திரும்பி வரும். தட்டை யாரும் வெறுமையாகக் கொடுத்து அனுப்ப மாட்டார்கள். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கைப்பிடிச் சீனியாவது இருக்கும். இதற்கு யாரும் கடன் வாங்கியதில்லை. நாம் கேட்பது, பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் கொடுக்கிற பரிசும் இந்தத் தட்டு மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான். பணம் குறைவாக, கை வேலை அதிகமாக.

முதலில் அம்மாமாருக்கு. பிள்ளைகளே, இது உங்களுக்குச் சொல்கிறோம். அம்மா கொழுந்தைச் சுமக்கிற கயிறு தலையில் எந்த இடத்தில் அழுத்துகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? அந்த இடத்தில் முடி தேய்ந்திருக்கும். பழைய கம்பளித் துண்டு ஒன்றை நாலு விரல் அகலத்துக்கு மூன்று மடிப்பாக மடியுங்கள். மேலே பழைய பருத்திச் சேலைத் துணியைச் சுற்றித் தையுங்கள். நைலோன் துணி வேண்டாம், வேர்வையில் வழுக்கும். கயிறு நழுவாமல் இருக்க இரண்டு பக்கமும் ஒவ்வொரு காது வையுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒரு பின்னேரத்தில் முடித்துவிடும். கடையில் தேடினாலும் இப்படி ஒரு சாமான் கிடைக்காது. நம்முடைய தாய்மாருக்காக யாரும் செய்து விற்கவில்லை.

பாட்டிமாருக்கும் கைப்பிள்ளைகளுக்கும் கம்பளித் தொப்பி. இந்தப் பனியில் அதைவிடத் தேவையான பரிசு எது? புது நூல் வாங்க வேண்டாம். பழைய சுவெட்டர் ஒன்றின் தையலைப் பிரித்து, நூலை இழுத்துக் கதிரை முதுகில் சுற்றி, நனைத்துப் பாரம் கட்டித் தொங்கவிட்டால் சுருள் நேராகிவிடும். பெரியவர் சுவெட்டர் ஒன்றில் இரண்டு மூன்று சின்னத் தொப்பி வரும். பின்னத் தெரிந்த அக்காமார் இங்கேயே நாலைந்து பேர் இருக்கிறீர்கள், ஒளிக்காதீர்கள்.

அடுத்தது ஆவணப் பை. இதைப் பரிசு என்று சொன்னால் இன்னும் சிரிப்பீர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. நமக்குப் பக்கத்துத் தோட்டம், நம்முடைய சொந்தக்காரர்கள். உயிர் போனவர்களை நினைத்து இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது. உயிர் தப்பி முகாமில் இருந்தவர்களுக்கு வேறொரு துன்பம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிக் காகிதம், பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு எல்லாம் மண்ணுக்குள்ளே. கையில் காகிதம் இல்லாதவன் ஒவ்வொரு கந்தோரிலும் தான் யார் என்பதை முதலில் இருந்து நிரூபிக்க வேண்டும். நாடற்றவர் என்று எழுதப்பட்டிருந்த நம்முடைய சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை.

உடைந்த குடையின் துணியைக் கழற்றுங்கள், அது தண்ணீர் பிடிக்காது. இரட்டையாக வைத்து, ஒரு பாடசாலைக் கொப்பி தாராளமாகப் போகிற அளவுக்குத் தைத்து, மேலே மடிப்பு வைத்து நாடா போடுங்கள். காகிதங்களை முதலில் ஒரு பொலித்தீன் உறையில் போட்டு, அப்புறம் பையில் போட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு அட்டையில் எழுதி வையுங்கள். வாசல் பக்கம் ஆணியில் மாட்டினால், இரவில் மழை கொட்டி வெளியேறச் சொல்லுகிற நேரம் ஒரு கையால் எடுத்துக்கொண்டு ஓடலாம். புதுக் குடித்தனம் போன பிள்ளைகளுக்கு இதைக் கொடுங்கள். கண்ணாடிக் கோப்பை செட் பிறகு வாங்கிக் கொள்ளலாம்.

பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது? பழைய சேலையில் பொம்மை, வெட்டுத் துணியை அடைத்த பந்து, பைனஸ் காயில் சின்ன நத்தார் மரம். இவை உங்களுக்குத் தெரிந்தவைதான். நட்சத்திரக் கூட்டைப் பற்றி மட்டும் விவரமாகச் சொல்கிறோம், ஏனென்றால் கடையில் அதற்குக் கண்ணை மூடிக்கொண்டு விலை சொல்கிறார்கள். ஒரே நீளத்தில் பத்து மூங்கில் ஈர்க்கு வேண்டும். ஐந்து ஈர்க்கைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினால் ஒரு நட்சத்திரம். அதே மாதிரி இன்னொன்று. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஐந்து முனையிலும் இறுக்கிக் கட்டுங்கள். நடுவிலே ஈர்க்குகள் வெட்டிக்கொள்கிற ஐந்து இடத்திலும் ஒரு சாண் குச்சியை நெம்பி நிறுத்தினால் கூடு புடைத்து நிற்கும். கோதுமை மாவைக் காய்ச்சிய பசையால் டிசு தாளை ஒட்டுங்கள். வெசாக் கூடு கட்டுகிற சிங்களப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்தவர்களுக்கு இது தண்ணீர்பட்ட பாடு. உள்ளே மெழுகுதிரி மட்டும் வைக்காதீர்கள். லயத்தில் ஒரு காம்பரா பற்றினால் வரிசையே போகும். சின்ன டோர்ச் போதும்.

இன்னொரு எச்சரிக்கை. மருந்து அடிக்கிற கேன், களைநாசினிப் போத்தல், எவ்வளவு கழுவினாலும் விளையாட்டுச் சாமான் ஆக்கக் கூடாது, பூச்சாடியாகக் கூட வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். உரப் பையில் தலையணை தைப்பதையும் விட்டுவிடுங்கள். அரிசிச் சாக்கு, மாச் சாக்கு இருக்கிறது.

பலகாரம் பற்றிச் சுருக்கமாக. தேங்காய் இப்போது விற்கிற விலைக்குத் தேங்காய் டொபியை மறந்துவிடலாம். நிலக்கடலையை வறுத்து, சர்க்கரைப் பாகில் உருட்டிப் பழைய கொப்பித் தாளில் இல்லாமல் சுத்தமான தாளில் சுற்றிக் கொடுங்கள். வாசலில் கொய்யாவோ கொடித்தோடையோ மரத்தக்காளியோ இருந்தால் ஜாம் காய்ச்சலாம். அடிசம் பங்களாவைப் பாருங்கள். வில்லியர்ஸ் என்ற தோட்டத் துரை 1931இல் கட்டிய மாளிகை, இன்றைக்கு ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடம். அவர்கள் காய்ச்சுகிற ஜாமை வாங்கக் கொழும்பில் இருந்து ஆள் வருகிறது. பழத்தை வேகவைத்து வடித்து, அதே நிறைக்குச் சீனி போட்டு, கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விட்டுக் கிண்டுங்கள். குளிர்ந்த தட்டில் ஒரு துளி விட்டு விரலால் தள்ளினால் தோல் சுருங்க வேண்டும், அதுதான் பதம். போத்தலைக் கொதிநீரில் பத்து நிமிஷம் போட்டு எடுத்துக் காயவையுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்து, சீனிக் காசும் போகும்.

ஆசிரியர் என்ற முறையில் எங்களுக்கு மிகவும் பிடித்தது ஒன்று இருக்கிறது. நாற்பது பக்கக் கொப்பி ஒன்று. பேரப்பிள்ளை பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டு எழுத வேண்டும். எந்தத் தோட்டத்தில் பிறந்தீர்கள்? எத்தனை வயதில் பேர் பதிந்தார்கள்? முதல் சம்பளம் எவ்வளவு? தலைமன்னார் போன கோச்சியில் நம்முடைய ஆட்கள் யார் யார் போனார்கள்? 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரிந்து போய்க் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கிற சொந்தங்களின் பெயரைப் பாட்டி சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதட்டும். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும், நாங்கள் சிவப்பு மை போட மாட்டோம். நத்தாரன்று பிள்ளை அதை எல்லோர் முன்னாலும் வாசித்துப் பாட்டி கையில் கொடுக்க வேண்டும். வாசிக்கத் தெரியாத பாட்டியும் அதை டிரங்குப் பெட்டிக்குள் சேலைக்கு நடுவில்தான் வைப்பார்.

பாடசாலையிலும் ஒரு காரியம் செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு பாலர் பாடசாலையில் ஒவ்வொரு பிள்ளையும் 500 ரூபாவுக்குக் குறையாத பரிசு கொண்டுவர வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். அன்றைக்கு நாலு பிள்ளைகள் வரவில்லை. காய்ச்சல் என்று வீட்டில் சொன்னார்கள். நாலு பிள்ளைக்கும் ஒரே நாளில் வந்து மறுநாளே போன காய்ச்சல் என்ன காய்ச்சல் என்று நமக்குத் தெரியும். சீட்டுக் குலுக்கிப் பரிசு மாற்றுவது நல்ல விளையாட்டுத்தான், ஆனால் கையால் செய்தது மட்டும், காசு கொடுத்து வாங்கியது கூடாது என்று விதி வைக்கச் சொல்லுங்கள். பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொன்னால் போதும், பின்னால் பத்துப் பேர் தலையாட்டுவார்கள்.

கொழும்பில் கடையிலும் கார்மன்ட்ஸிலும் நிற்கிற பிள்ளைகள் லீவில் வரப் போகிறார்கள். போனில் பட்டியல் சொல்லாதீர்கள். போர்டிங் வாடகையும் சாப்பாட்டுக் காசும் கொடுத்துவிட்டு அந்தப் பிள்ளையும் கடன்தான் வாங்கும். வந்து முகத்தைக் காட்டினால் போதும் என்று சொல்லுங்கள். கையில் ஏதும் மிச்சம் இருந்தால் ஜனவரியில் தம்பி தங்கைக்குச் சப்பாத்தும் கொப்பியும் வாங்கட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு இதே பிள்ளைக் காம்பராவில் கூடுவோம். பழைய சேலை, உடைந்த குடை, பிரிக்கக்கூடிய சுவெட்டர், கத்தரிக்கோல் இருப்பதைக் கொண்டு வாருங்கள். ஊசி நூல் சங்கத்தில் இருந்து வரும். மூங்கில் ஈர்க்கைத் தம்பிமார் சனிக்கிழமையே சீவி வையுங்கள். தோட்டத்து மூங்கிலில் கை வைக்கும் முன்னால் கந்தோரில் கேட்டுக்கொள்ளுங்கள். நட்சத்திரக் கூட்டுக்காகப் பொலிஸில் முறைப்பாடு என்று எங்களை ஓடவைக்காதீர்கள், தைப்பொங்கல் முற்பணப் பேச்சுக்கு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறோம்.